கடைசி 18 பைட்

ஈதர்நெட்டில் ஒரு ஃபிரேம் குறைந்தது 60 பைட் இருக்க வேண்டும். கடைசியில் ஒட்டிக்கொள்ளும் 4 பைட் சரிபார்ப்பு எண்ணையும் சேர்த்தால் 64. ஒரே தடித்த கேபிளில் எல்லாக் கணினிகளும் தொங்கிக்கொண்டிருந்த காலத்தில், இரண்டு கணினிகள் ஒரே நேரத்தில் பேசி மோதிக்கொண்டால் அந்த மோதல் தெரியவர வேண்டும். அதற்குச் செய்தி இவ்வளவு நீளமாவது இருந்தாக வேண்டும் என்று போட்ட கணக்கு அது. அந்த கேபிள்கள் எப்போதோ போய்விட்டன, கணக்கு மட்டும் நின்றுவிட்டது. கம்பியே இல்லாமல் ஒரே பெட்டிக்குள் ஓடும் மெய்நிகர் கணினிகளிடமும் பல இடங்களில் அந்த 60 பைட் இன்றும் கேட்கப்படுகிறது.

அனுப்ப வேண்டிய செய்தி அதைவிடச் சின்னதாக இருந்தால் மீதி இடத்தை நிரப்பி அனுப்ப வேண்டும். எதைக் கொண்டு நிரப்புவது என்பதையும் 1984லேயே எழுதி வைத்துவிட்டார்கள். ஐபி பாக்கெட்டை ஈதர்நெட்டில் எப்படி ஏற்றுவது என்று சொல்லும் ஆர்எஃப்சி 894 சில பக்கங்களே கொண்டது. சுழியால் நிரப்பு என்கிறது அது. இதை நான் வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே படித்திருந்தேன். படித்ததோடு சரி.

எனக்குக் கொழிஞ்சாம்பாறை. பாலக்காடு மாவட்டம்தான், ஆனால் வீட்டிலும் கடைத்தெருவிலும் தமிழ். கஞ்சிக்கோட்டில் ஒரு சிறு நிறுவனத்தில் வேலை. இடுக்கி மலையில் ஏலக்காய் எடை போட்டு வாங்கும் கடைகளுக்காக நாங்கள் ஒரு பெட்டி செய்தோம். சின்னக் கணினி ஒன்று, அதற்குள் வி.எம். என்று நாங்கள் சொல்லும் மெய்நிகர் கணினிகள் மூன்று. ஒன்று மின்தராசோடு பேசும், ஒன்று கணக்கு வைக்கும், மூன்றாவது கேமராக்களைப் பார்த்துக்கொள்ளும். கேமரா மென்பொருளில் ஓட்டை விழுந்து யாராவது உள்ளே புகுந்தாலும் கணக்கைத் தொடக்கூடாது என்பதற்காகத்தான் தனித்தனியாகப் பிரித்தோம். காய் கொண்டுவருபவரின் போன் எண்ணும் எடையும் அவரையும் கடையையும் தவிர வேறு யாருக்கும் போகாது என்று கடைக்காரர்களிடம் சொல்லித்தான் விற்றோம். சொன்னவர்களில் நானும் ஒருவன்.

வி.எம்.முக்கு உள்ளே இருக்கும் நெட்வொர்க் டிரைவர் என் பொறுப்பு. அதன் வேலை பெரிய ரகசியம் இல்லை. வி.எம்.முக்கும் வெளியே இருக்கும் ஹோஸ்ட்டுக்கும் பொதுவாகக் கொஞ்சம் நினைவகம் ஒதுக்கியிருக்கும். 4096 பைட் பக்கம் ஒவ்வொன்றையும் இரண்டாக வெட்டி 2048 பைட் அறைகளாக வைத்திருந்தேன். அனுப்ப வேண்டிய பாக்கெட்டை ஓர் அறையில் நகலெடுத்து, நீளத்தைக் குறித்து, ஹோஸ்ட்டைத் தட்டிச் சொல்ல வேண்டும். அது எடுத்து அனுப்பிவிட்டு அறையைத் திருப்பித் தரும். அதே அறை அடுத்த பாக்கெட்டுக்கு. எங்கள் ஹோஸ்ட் பக்கம் 60 பைட்டுக்குக் குறைந்ததை வாங்காது. எனவே நீட்டும் வேலையும் டிரைவர் தலையில்.

அந்தப் பகுதியை முதலில் எழுதியவன் என்னோடு வேலை பார்த்த இளைஞன். சித்தூர்ப் பையன், படித்து முடித்து நேராக எங்களிடம் வந்தவன். ஒவ்வொரு பாக்கெட்டுக்கு முன்னாலும் அறை முழுவதையும், 2048 பைட்டையும், மெம்செட் போட்டுச் சுழியாக்கியிருந்தான். ரிவ்யூவுக்கு வந்தபோது, நேரம் எங்கே செலவாகிறது என்று காட்டும் புரொஃபைலரில் அந்த வரி மேலே நின்றது. எனக்கு அது உறுத்தியது. வேகமாக ஓடும் டிரைவர் என்று அலுவலகத்தில் எனக்கொரு பெயர் இருந்தது. அந்தப் பெயர் எனக்குப் பிடித்தும் இருந்தது.

“இந்த மெம்செட்டைத் தூக்கிரு தம்பி” என்றேன்.

“ஏனுங்கண்ணா, பழசு உள்ளயே கெடக்குமுங்களே?”

“கெடக்கட்டும். ஹோஸ்ட்டும் நம்மளுதுதானே? அந்தக் கடைசி பதினெட்டு பைட்டை யாரு உக்காந்து பாக்கப்போறாங்க?”

அவன் மறுபேச்சுப் பேசவில்லை. அன்று சாயங்காலமே அந்த வரியை எடுத்துவிட்டு கமிட் செய்தான். அறை முழுவதையும் சுழியாக்க வேண்டியதில்லை, நீட்டிய வாலை மட்டும் சுழியாக்கினால் போதும் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. லினக்ஸ் கர்னலில் அதற்கென்றே எஸ்கேபி-பேட்-டூ என்று ஒரு ஃபங்ஷன் இருக்கிறது. அதன் பெயரைச் சொல்லியிருந்தாலே அவன் பார்த்துப் புரிந்துகொண்டிருப்பான்.

அதோடு நான் இன்னொன்றும் செய்திருந்தேன். காலியான அறைகளில் கடைசியாகத் திரும்பி வந்ததையே முதலில் எடுத்துக் கொடுக்கும்படி வைத்தேன். அப்போதுதான் பயன்பட்ட இடம் ப்ராசசர் கேஷில் இன்னும் இருக்கும், வேகம் கிடைக்கும். இதில் தப்பொன்றும் இல்லை, பலரும் செய்வதுதான். இரண்டும் சேர்ந்தபோது என்ன ஆகும் என்று நான் யோசிக்கவில்லை.

பெட்டிகள் மலைக்குப் போயின. கம்பம்மெட்டுப் பக்கம் ஒரு கடை. அந்த வட்டாரத்தைத் தெரியாதவர்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். ஏலக்காய் விவசாயிக்குத் தன் எடை என்பது ஊருக்குச் சொல்லும் விஷயம் இல்லை. சுமார் 5 கிலோ பச்சைக் காய் உலர்த்தும் ஸ்டோரில் காய்ந்தால் 1 கிலோ தேறும். யார் எவ்வளவு காய் எடுத்தார் என்று தெரிந்தால் அவர் கையில் எவ்வளவு சரக்கு இருக்கும் என்று வியாபாரி கணக்குப் போட்டுவிடுவார். 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. அந்த விலையை ஒருமுறை பார்த்துவிட்ட மலையில் களவு பயமும் சேர்ந்தே இருக்கிறது. வீட்டில் இரண்டு மூட்டை காய் இருப்பதை அண்ணன் தம்பியிடமே சொல்லாதவர்கள் உண்டு.

சீசன் நடுவில் அந்தக் கடையிலிருந்து ஒரு புகார் வந்தது. எடை போட்டதும் திரை சில நொடி உறைந்து நிற்கிறதாம். கடையில் பகுதி நேரமாகக் கணக்கு எழுதிய பெண் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிப்பவள். அவளே மடிக்கணினியைக் கடையின் சுவிட்சில் சொருகி நெட்வொர்க்கில் போவதையெல்லாம் காட்டும் வயர்ஷார்க்கை ஓடவிட்டிருக்கிறாள். காரணத்தையும் அவளே பிடித்துவிட்டாள். கடைக்காரர் எடைச் சீட்டு அடிக்கும் பிரிண்டரை அணைத்து வைத்திருந்தார். போனில் செய்தி வந்துவிடுவதால் பெரும்பாலானவர்கள் சீட்டு கேட்பதில்லை. ஆனால் தராசு வி.எம். ஒவ்வொரு எடைக்கும் பிரிண்டரைத் தேடிக்கொண்டிருந்தது. ‘இந்த முகவரி யாருடையது?’ என்று எல்லோரையும் பார்த்துக் கூப்பிடும் ஏஆர்பி கேள்வி நொடிக்கு ஒன்றாகப் போய், பதில் வராமல் ஓய்ந்த பிறகுதான் திரை விடுபட்டது.

அதைச் சொல்லத்தான் கூப்பிட்டாள் என்று நினைத்தேன். நன்றி சொல்லி வைக்கப் போனேன்.

“சார், இன்னொண்ணு இருக்கு. படம் அனுப்பிருக்கேன், பாருங்க. அதுல எங்க அப்பா நம்பர் இருக்கு சார்.”

படத்தைத் திறந்தேன். ஏஆர்பி ஃபிரேம்தான். இடது பக்கம் பதினாறடிமான எண்கள் வரிவரியாக. வலது பக்கம் அதையே எழுத்தாகக் காட்டும் பத்தி. ஏஆர்பி கேள்வியில் படிக்கும்படி எழுத்து எதுவும் இருக்காது, அந்தப் பத்தி பெரும்பாலும் புள்ளிகளாகத்தான் இருக்கும். இருந்தது. மூன்றாவது வரியின் பாதியில் புள்ளிகள் நின்று, இலக்கங்கள் தொடங்கின. பத்து இலக்கம். பிறகு ஒரு செங்குத்துக் கோடு. பிறகு 0043.60.

நாற்பத்து மூன்று கிலோ அறுநூறு கிராம் பச்சைக் காய்.

முதலில் அந்தப் பெண் தவறான பாக்கெட்டைப் படம் எடுத்துவிட்டாள் என்று நினைக்கப் பார்த்தேன். மேலே பார்த்தேன், ஏஆர்பி என்றுதான் போட்டிருந்தது. நீளம் 60. பேனாவை எடுத்து ஒரு தாளில் கூட்ட ஆரம்பித்தேன், கூட்டாமலே விடை தெரிந்திருந்தும். ஈதர்நெட் தலைப்பு 14, ஏஆர்பி 28, ஆக 42. அறுபதுக்கு 18 குறைகிறது. தராசு வி.எம். கணக்கு வி.எம்.முக்கு அனுப்பும் எடைச் செய்தியை எடுத்துக்கொண்டேன். ஈதர்நெட் 14, ஐபி 20, யுடிபி 8. அதுவும் 42. நாற்பத்து மூன்றாவது பைட்டிலிருந்து செய்தி தொடங்குகிறது. செய்தியின் தொடக்கத்தில் பத்து இலக்க எண், ஒரு கோடு, ஏழு எழுத்தில் எடை. பத்தும் ஒன்றும் ஏழும் பதினெட்டு.

தாளைப் பார்த்தபடியே இருந்தேன். ஒரே சிலேட்டில் பெரிய கணக்கை எழுதி, அழிக்காமல் அதன் மேல் சின்னக் கணக்கை எழுதி நீட்டியிருக்கிறேன். மிஞ்சிய இடத்தில் பழைய கணக்கு ஓர் எழுத்து குறையாமல் தெரிந்தது. எடைச் செய்தி ஓர் அறையில் போகும். அறை உடனே திரும்பி வரும். அடுத்த வேலை பிரிண்டரைத் தேடுவது. அதற்கு நான் வைத்த விதிப்படி அதே அறைதான் கிடைக்கும். எடைச் செய்தி வி.எம். விட்டு வி.எம். போனது, பெட்டிக்குள்ளேயே நின்றது. ஏஆர்பி கேள்வியோ எல்லோருக்கும் போவது. பெட்டியின் கம்பி வழியாக வெளியே வந்து, சுவிட்சில் சொருகியிருந்த எல்லாக் கணினிக்கும் போயிருக்கிறது. அந்தக் கட்டடத்தில் எல்லாக் கடைக்கும் ஒரே இணைய இணைப்பு, ஒரே சுவிட்ச். மாடியில் இன்னொரு ஏலக்காய் வியாபாரி இருந்தார்.

எங்கள் சோதனைக் கூடத்தில் இது ஏன் ஒருநாளும் தெரியவில்லை? அங்கே பிரிண்டர் எப்போதும் போட்டிருக்கும்.

“சார், லைன்ல இருக்கீங்களா?” என்றாள் அந்தப் பெண். இருக்கிறேன் என்றேன். பிரிண்டரை உடனே போடச் சொன்னேன், பிறகு யோசித்து, பெட்டியின் நெட்வொர்க் கேபிளையே பிடுங்கிவிடச் சொன்னேன்.

இனிச் சொல்லப்போவதுதான் எனக்கு எழுதக் கடினமானது.

மறுநாள் காலை கூட்டம். மேலாளர் திரையில் கிட் பிளேம் போட்டார். எந்த வரியை யார், எப்போது மாற்றினார் என்று அது காட்டும். மெம்செட் இருந்த இடத்தை மாற்றிய கமிட்டில் அந்தப் பையனின் பெயர் இருந்தது. எடுக்கச் சொன்னது நான். அதை வாயால் சொன்னேன், அவன் மேசைக்குப் பக்கத்தில் நின்று. எங்கேயும் பதிவு இல்லை. “இதை ஏன் எடுத்தே?” என்று மேலாளர் அவனைக் கேட்டார். அவன் என்னைப் பார்க்கவில்லை. அது இன்னும் நினைவிருக்கிறது, பார்த்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். “வேகத்துக்காக எடுத்தேன் சார், யோசிக்காம விட்டுட்டேன்” என்றான்.

நான் வாயைத் திறக்கவில்லை. முதலில் கோளாறைச் சரிசெய்வோம், யார் செய்தார் என்பது பிறகு என்று பொதுவாக ஏதோ பேசினேன். பார்ப்பவர்களுக்கு அவனைக் காப்பாற்றுவது போல இருந்திருக்கும். கூட்டம் முடிந்து எல்லோரும் எழுந்து போனார்கள்.

அன்று மாலை வேலையைத் தள்ளிப்போட இதே மாதிரிக் கோளாறுகளைத் தேடிப் படித்துக்கொண்டிருந்தேன். 2003 ஜனவரியில் ஓஃபிர் ஆர்க்கின், ஜோஷ் ஆண்டர்சன் என்ற இருவர் ‘ஈதர்லீக்’ என்று பெயரிட்டு வெளியிட்ட அறிக்கை இதைத்தான் சொன்னது. பல டிரைவர்கள் சின்ன ஃபிரேமை நீட்டும்போது சுழிக்குப் பதிலாக நினைவகத்தில் கிடந்த பழசை அனுப்புகின்றன என்று. 2015ல், வி.எம்.களை ஓட்டும் கியூஇஎம்யூ மென்பொருளின் ரியல்டெக் 8139 போலி நெட்வொர்க் அட்டையில் ஒரு கோளாறு; வி.எம்.முக்குள் இருப்பவர் ஹோஸ்ட்டின் நினைவகத்தைக் கொஞ்சம் படித்துவிடலாம். அதேபோல வி.எம்.களை ஓட்டும் ஜென் மென்பொருளின் குழு 2022 ஜூலையில் விட்ட எச்சரிக்கை என் கதைக்கு இன்னும் பக்கத்தில் வந்தது. லினக்ஸ் வி.எம்.களின் டிஸ்க், நெட்வொர்க் டிரைவர்கள் ஹோஸ்ட் பக்கத்தோடு பகிரும் நினைவகத்தைச் சுழியாக்காமலே கொடுத்திருக்கின்றன. பகிர்வதோ பக்கம் பக்கமாகத்தான். கொடுக்க நினைத்தது சில நூறு பைட்டாக இருந்தாலும் 4096 பைட்டும் அந்தப் பக்கம் தெரியும். என் 2048 பைட் அறைகளும் பக்கத்துக்கு இரண்டு. ‘ஹோஸ்ட்டும் நம்மளுதுதானே’ என்று நான் சொன்னதை இந்தத் துறையே வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தது. ஹோஸ்ட்டையே நம்பாமல் வி.எம்.மின் நினைவகத்தை மறையாக்கும் ப்ராசசர்கள் வந்த பிறகுதான் பழைய டிரைவர்களைத் திரும்ப உட்கார்ந்து பார்க்கிறார்கள்.

அவற்றைப் படிக்கப் படிக்க ஆறுதல் வரும் என்று எதிர்பார்த்தேன். பெரிய ஆட்களும் இதே இடத்தில் சறுக்கியிருக்கிறார்களே என்று. வரவில்லை. பையன் அன்று கேட்டது, ‘பழசு உள்ளயே கெடக்குமுங்களே’ என்பது, அந்த அறிக்கைகளின் முழு விஷயமும் அதுதான். அவன் அறிக்கையைப் படிக்காமலே கேட்டான். நான் ஆர்எஃப்சியைப் படித்திருந்தும் அவன் வாயை அடைத்தேன்.

இரவு மேலாளருக்கு மெயில் எழுதினேன். எடுக்கச் சொன்னவன் நான், எச்சரித்தவன் அவன், காலையில் இதைச் சொல்லாமல் இருந்ததும் நான்தான் என்று. நகலை அவனுக்கும் போட்டேன். பதிலாக அவன் ஒரு வரி அனுப்பினான்: “பரவால்லீங்ணா.” அந்த ஒரு வரியோடு முடிந்தது என்று சொல்ல ஆசை. முடியவில்லை. அதற்குப் பிறகு ரொம்ப நாள் அவன் ரிவ்யூவில் என்னிடம் எதையும் கேட்கவில்லை. சொன்னதைச் செய்தான், நன்றாகவே செய்தான், கேள்வி மட்டும் வரவில்லை. எங்கள் வேலையில் இளையவர் கேட்காமல் போவதைவிடப் பெரிய நஷ்டம் இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

திருத்திய டிரைவரோடு நானே மலைக்குக் கிளம்பினேன். பாலக்காடும் இடுக்கியும் ஒரே மாநிலம்தான். ஆனாலும் எங்கள் பக்கமிருந்து பொள்ளாச்சி, உடுமலை, பழனி, தேனி என்று தமிழ்நாட்டுக்குள் சுற்றி, கம்பத்தில் மலை ஏறுவதுதான் வசதி. கடையில் பெட்டி கழற்றி ஓரமாக வைக்கப்பட்டிருந்தது. மேசையில் பழைய நீளநோட்டு.

கடைக்காரர் சத்தம் போடவில்லை. “தம்பி, எனக்கு அந்த பைட்டு கிய்ட்டெல்லாம் தெரியாது. எங்கடைக்குக் காய் கொண்டாந்தவங்க நம்பரும் எடையும் வெளிய போச்சா, போகலையா? அத மட்டும் சொல்லுங்க.”

“போச்சுங்க.”

“யாராச்சும் பாத்தாங்களா?”

“தெரியலைங்க. பாக்கணும்னு நெனச்சிருந்தா பாத்திருக்க முடியும்.”

காய் போட வந்திருந்த சிலரும் நின்று கேட்டார்கள். அந்தப் பெண்ணின் அப்பாவும் இருந்தார். அவர் நிதானமாகக் கேட்டார்: “எப்ப இருந்து தம்பி?” பெட்டி வைத்த நாளிலிருந்து என்றேன். அவர் தலையாட்டிவிட்டு, “இந்த சீசன்ல காய் போட்டுட்டு வீடு போய்ச் சேர்றதுக்குள்ள யாவாரிக போன் பண்ணுவாங்க. எவ்வளவு இருக்கு, குடுக்கிறீங்களான்னு. நல்ல காய்னு பேரு பரவிருச்சுபோலன்னு நெனச்சேன்” என்றார்.

அந்த போன்களுக்கும் எங்கள் பெட்டிக்கும் சம்பந்தம் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. சந்தையில் நம்பர்கள் கைமாறத் தடையில்லை. தராசுக்குப் பக்கத்தில் நிற்பவரே எடையைப் பார்க்கலாம். ஆனால் சம்பந்தம் இல்லை என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. மன்னிப்புக் கேட்டேன். “படிச்ச புள்ளைக, இனி பாத்துச் செய்யுங்க” என்றார். கடைக்காரர் பெட்டியைத் திரும்ப வாங்கவில்லை. அந்தச் சாலையில் இருந்த மற்றக் கடைக்காரர்களும் அவரைக் கேட்டுவிட்டு, வேண்டாம் என்றார்கள். குறை சொல்ல இடமில்லை.

ஊருக்குத் திரும்பிய பிறகு, வாலை மட்டும் சுழியாக்கும் அந்த மாற்றத்தை வேகத்துக்காக அளந்து பார்த்தேன். பல முறை ஓட்டியும் வித்தியாசம் அளவீட்டின் இயல்பான ஏற்ற இறக்கத்துக்குள்ளேயே அடங்கிப்போனது. வேகத்துக்காக அந்த வாலையும் சுழியாக்காமல் விட்டதற்குக் காரணமே இருக்கவில்லை.

இப்போது ஒவ்வொரு முறை டிரைவரைக் கட்டும்போதும் ஒரு சோதனை ஓடுகிறது. எல்லா அறைகளையும் முன்கூட்டியே ஏ5 என்ற பைட்டால் நிரப்பிவிட்டு, 14 பைட்டிலிருந்து 60 பைட் வரை ஒவ்வொரு நீளத்திலும் ஃபிரேம் அனுப்பி, அந்தப் பக்கம் ஓர் ஏ5 வந்தாலும் கட்டுவதை நிறுத்திவிடும். பிரிண்டர் இல்லாத நிலையையும் சேர்த்திருக்கிறோம். சோதனையை எழுதியவன் அந்தப் பையன்தான். எழுதி முடித்த வாரத்தில் என் மேசைக்கு வந்து நின்றான்.

“அண்ணா, ஃபிரேம் சரியாயிருச்சுங்க. ஆனா நீங்க ஹோஸ்ட்டுக்கு எழுதற டிஸ்கிரிப்டர் இருக்குல்லங்க, அந்த ஸ்ட்ரக்சர்ல நடுவுல கம்பைலர் ரெண்டு பைட்டு இடம் விட்டிருக்குது. அதை யாரும் நிரப்பறதில்லீங்க. அதுலயும் பழசு போகுதுங்களே?”

போய்க்கொண்டுதான் இருந்தது. அவன் காட்டிய இடத்தில் அந்த இரண்டு பைட்டுக்கும் பெயர் வைத்து, சுழி போட்டு, கண்டுபிடித்தவன் என்று அவன் பெயரையும், முதலில் அந்த ஸ்ட்ரக்சரை எழுதியவன் என்று என் பெயரையும் கமிட் செய்தியிலேயே எழுதி ஏற்றினேன்.